அலாரமே அடிக்கவில்லை என்று பாராட்டினார் அஸ்மான்

நான் வேலையை விட்டு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசில் பாதி முகம் புதுசு என்று கேள்விப்படுகிறேன். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி நம் முதலாளி மெய் லிங் கேட்டபோது, எதை எழுதுவது என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. கிள்ளான் குளிர்க்கிடங்கு விஷயம்தான். உங்களில் சிலர் அதை அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். ஆபீசில் வாய் மாறி வாய் மாறி, அமோனியா கசிந்து யாரோ ஆஸ்பத்திரிக்குப் போனதாகவே கதை வளர்ந்துவிட்டதாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் கிரேஸ். செந்தூல்காரி. ஷா ஆலம் தொழிற்சாலைகளில் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதியே என் காலத்தில் பெரும்பகுதி போனது. எந்தப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும், எதை ஒருபோதும் அமுக்கக் கூடாது என்று எழுதுகிற வேலை. கடைசி சில வருஷங்கள்தான் உங்கள் ஆபீஸ். வாடிக்கையாளர்களோடு பேசுவதும், நம் கருவிக்கான விளக்கங்களை எழுதுவதும் என் பொறுப்பு.

நம் கருவி என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அதை என் வார்த்தையில் ஒருமுறை சொன்னால்தான் மற்றது புரியும். இப்போது கம்பெனிகளில் புரோகிராம் எழுதுவது பாதிக்குமேல் ஏஐ ஏஜென்ட்கள். மனிதன் என்ன வேண்டும் என்று சொல்கிறான், ஏஜென்ட் உட்கார்ந்து எழுதுகிறது. எழுதும்போது அதற்குச் சந்தேகம் வரும். இந்த சென்சாரிடமிருந்து அளவை எப்படி வாங்குவது, இந்த மென்பொருளில் இதை எப்படிச் செய்வது என்று. அப்போது அது நம் கருவியைக் கேட்கும். நம் கருவி அந்த மென்பொருளின் கையேடுகளில் தேடி, பொருத்தமான உதாரண கோட் துண்டை எடுத்துக் கையில் கொடுக்கும். ஏஜென்ட் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். கருவியின் இந்தப் பகுதியைக் கட்டியவன் பிரகாஷ். முப்பதைத் தாண்டியவன், கெட்டிக்காரன், சாலாக் செலாத்தானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். அவனை உங்களுக்குத் தெரியும்.

அன்று காலை ஒரு போன் வந்தது. கிள்ளானில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர்க்கிடங்கு. இறால், மீன், கோழி என்று உறைய வைத்துக் கொள்கலன்களில் ஏற்றுகிற இடம். அங்கே இன்ஜினியராக இருந்தவர் அஸ்மான். குளிரூட்ட அமோனியா ஓடுகிற குழாய்கள் கிடங்கு முழுக்க. அமோனியா கசிந்தால் மூச்சடைக்கும், கண் எரியும், அதிகமானால் ஆள் பிழைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு அறையிலும் சென்சார் உண்டு. அந்த சென்சார்களைக் கவனித்து அலாரம் அடிக்கிற புரோகிராமை அஸ்மானின் ஆட்கள் ஓர் ஏஜென்டை வைத்துப் புதிதாக எழுதியிருந்தார்கள். அந்த ஏஜென்ட் நம் கருவியைப் பயன்படுத்தியது.

அஸ்மான் போன் செய்தது புகார் சொல்ல இல்லை, நன்றி சொல்ல. மனுஷன் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"காக் கிரேஸ், உங்க டூல் பிரமாதம் லா. புது புரோகிராம் போட்டதிலிருந்து ஒரு தடவைகூட அலாரம் அடிக்கல. பழசு இருக்கே, வாரத்துக்கு எத்தனை தடவை கத்தும் தெரியுமா? எல்லாரும் வெளியே ஓடி வருவோம். பார்த்தா ஒண்ணுமிருக்காது."

காக் என்றால் மலாயில் அக்கா. அவர் பேசியது மலாயும் ஆங்கிலமும் கலந்து. நான் தமிழில் சொல்கிறேன்.

எனக்கும் சந்தோஷம்தான். வாடிக்கையாளர் வலிய வந்து பாராட்டுவது நம் தொழிலில் எப்போதாவது நடப்பது. இந்தப் பாராட்டை மெய் லிங்கிடம் சொல்ல வேண்டும், முடிந்தால் இணையப் பக்கத்தில் போட அனுமதி கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேச்சை வளர்ப்பதற்காகக் கேட்டேன்.

"பழசு ஏன் அப்படி சும்மா சும்மா கத்திச்சு?"

"ஐஸ்தான் காக். சென்சாரோட கேபிள் மாட்டுற இடத்துல ஐஸ் கட்டிடும். தொடர்பு அறுந்துடும். உடனே அலாரம்."

"இப்ப ஐஸ் கட்டுறதில்லையா?"

"கட்டாம எப்படி? அது அப்படியேதான் இருக்கு."

இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார். எனக்கு அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. ஐஸ் அப்படியே இருக்கிறது, தொடர்பும் அறுந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் அலாரம் மட்டும் நின்றுவிட்டது. அப்படியானால் தொடர்பு அறுந்த சென்சார் இப்போது என்ன சொல்கிறது?

"அஸ்மான், ஒரு உதவி. எங்கேயாவது ஒரு சென்சாரோட கேபிளைக் கழற்றிட்டு ஸ்கிரீன்ல என்ன வருதுன்னு பார்த்துச் சொல்றீங்களா?"

"இப்பவேவா?"

"இப்பவே. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் யாரையோ கூப்பிட்டுச் சொன்னது கேட்டது. கொஞ்ச நேரம் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் சத்தம் மட்டும். பிறகு அஸ்மான் குரல் வந்தது. அதில் பழைய உற்சாகம் இல்லை.

"கழற்றியாச்சு. ஸ்கிரீன்ல பூஜ்யம் காட்டுது. பச்சை விளக்கு."

பூஜ்யம் என்றால் அமோனியா இல்லை என்று அர்த்தம். பச்சை என்றால் பத்திரம் என்று அர்த்தம். கேபிளே இல்லாத சென்சார், பத்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"அறைகளுக்குள்ள ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க. காலையிலிருந்து லோடிங்."

"அவங்களை வெளியே கூப்பிடுங்க."

அவர் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வெளியே லோரிகள் வரிசையில் நிற்கின்றன, கதவு திறந்து கிடந்தால் சரக்கு இளகும், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. "கசிவு இருக்குன்னு சொல்றீங்களா காக்?" என்று கேட்டார்.

"இல்ல. கசிவு இருக்கா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனாலதான் சொல்றேன்."

இந்த இடத்தில் நான் என்ன நிலைமையில் இருந்தேன் என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். தவறு நம் கருவியில்தான் என்று எனக்கு இன்னும் தெரியாது. அவர்களுடைய ஆளே அப்படி எழுதச் சொல்லியிருக்கலாம், சென்சார் செய்த கம்பெனியின் குளறுபடியாகவும் இருக்கலாம். மெய் லிங்கிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வாடிக்கையாளரின் வேலையை நிறுத்தச் சொல்கிறேன். நாளைக்கு வக்கீல் வந்து, உங்கள் ஆள்தானே நிறுத்தச் சொன்னார் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற யோசனையும் ஓடாமல் இல்லை. ஆனால் இதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் ஆட்கள் உள்ளே இருப்பார்கள். காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

"உங்க பாஸ் கேட்டா, சென்சாருக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னும் சொல்லுங்க."

அஸ்மான் வேறு எதுவும் கேட்கவில்லை. போனை வைக்காமலேயே கத்த ஆரம்பித்தார். "கெலுவார்! செமுவா கெலுவார்!" எல்லாரும் வெளியே வாங்க என்று அந்தச் சத்தம் என் காது வரை வந்தது. பிறகு லைன் அறுந்தது.

நான் பிரகாஷின் மேசைக்குப் போய், நடந்ததைச் சொல்லி, அந்தக் குளிர்க்கிடங்கின் ஏஜென்டுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று பார்க்கச் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தோசையை அப்படியே மூடி வைத்துவிட்டுத் தேடினான். அஸ்மானின் ஏஜென்ட் கேட்டிருந்த கேள்வி இதுதான்: சென்சார் பதில் சொல்லாவிட்டாலும் புரோகிராம் நின்றுவிடாமல் தொடர்ந்து ஓடுவது எப்படி? நாம் கொடுத்திருந்தது சின்ன ஓர் உதாரணம். சென்சார் பதில் சொல்லாவிட்டால், பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு மேலே போ.

"கேட்டதுக்குச் சரியான பதில்தானே அக்கா," என்றான் பிரகாஷ். கேட்டதற்குச் சரியான பதில்தான்.

"அது கையேட்டுல எந்தப் பக்கத்துல இருக்கு? முழுப் பக்கத்தையும் திற."

திறந்தான். அந்த உதாரணத்துக்கு மேலே ஒரு வாக்கியம் இருந்தது. பாதுகாப்பு தொடர்பான இடங்களில் ஒருபோதும் இப்படி எழுதாதீர்கள், என்று. அதற்குக் கீழே தவறான உதாரணம். அதற்கும் கீழே, சரியான உதாரணம்: சென்சார் பதில் சொல்லாவிட்டால் உடனே அலாரம் அடி. கையேடு எழுதியவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார். இப்படிச் செய்யாதே என்று சொல்லி, எதைச் செய்யக் கூடாது என்பதையும் காட்டியிருந்தார். நானும் அந்த வகையில் நிறைய எழுதியிருக்கிறேன்.

நம் கருவி அந்தப் பக்கத்திலிருந்து கோட் துண்டை மட்டும் வெட்டி எடுத்தது. மேலே இருந்த வாக்கியத்தை விட்டுவிட்டது. வாக்கியம் போனபின், செய்யாதே என்று காட்டியதும் இப்படிச் செய் என்று காட்டியதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதோடு, தவறான உதாரணம்தான் சின்னது, கேள்விக்கும் அதுதான் நெருக்கமாக இருந்தது. அதனால் அது முதலில் வந்தது.

பிரகாஷ் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். "கோட் மட்டும் போதும், விளக்கம் வேணாம்னு கஸ்டமர்தான் அக்கா கேட்டாங்க. விளக்கத்தை எடுத்ததும் எல்லாம் வேகமா ஆச்சு. எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

அவன் சொன்னது உண்மை. விளக்கத்தை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்த கூட்டத்தில் நானும் இருந்தேன்.

அப்போது அஸ்மான் திரும்பக் கூப்பிட்டார். ஆட்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அமோனியாவை அளக்கும் கைக்கருவியால் ஒவ்வோர் அறையாக அளந்து பார்த்தார்களாம். எங்கும் கசிவு இல்லை. ஆனால் ஓர் அறையில், அதுவும் நிறைய பேர் வேலை செய்துகொண்டிருந்த அறையில், சென்சார் செத்துக் கிடந்தது. ஐஸ் கட்டிக் கேபிள் கழன்றிருந்தது. எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. ஸ்கிரீனில் பச்சை எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

இதைச் சொல்லும்போது சிலர், கசிவு இல்லையா என்று கொஞ்சம் ஏமாற்றமாகக் கேட்பார்கள். இல்லை. அது வெறும் அதிர்ஷ்டம். அதில் நம் திறமை எதுவும் கிடையாது.

மெய் லிங் அன்று முதலீட்டாளர்களைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் நிறுத்திச் சொன்னேன். ஆட்கள் வெளியே வந்துவிட்டார்களா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வந்துவிட்டார்கள் என்றதும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பாஸ், டூலை இப்பவே ஆஃப் பண்ணிடுறேன்," என்றான் பிரகாஷ். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வேறு எத்தனை பேருக்கு இதேபோலப் போயிருக்கிறதோ.

"ஆஃப் பண்ணினா ஏஜென்ட் என்ன செய்யும்?" என்று கேட்டார் மெய் லிங்.

பிரகாஷ் சொன்னான்: "நிக்காது. தனக்கு ஞாபகம் இருக்கிறதை வச்சு எழுதும்."

"அந்த ஞாபகம் சரியா இருக்குமா?"

"பழசா இருக்கும். சில நேரம் தானாவே இட்டுக்கட்டிடும். அதுக்காகத்தானே நம்ம டூலை வாங்குறாங்க."

ஆபத்து என்று தெரிந்ததும் நிறுத்திவிடத்தான் கை போகும். கிடங்கில் ஆட்களை வெளியே கூப்பிட்டது சரியான முடிவு, ஏனென்றால் வெளியே வந்தவன் பத்திரமாக இருக்கிறான். ஆனால் நம் கருவியை நிறுத்தினால் யாரும் பத்திரமான இடத்துக்குப் போகப் போவதில்லை. இருக்கிற கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போய், ஏஜென்ட்கள் இருட்டில் எழுதும். அந்தக் கால் மணி நேரத்தில் இரண்டும் ஒரே மாதிரி முடிவு போலத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மெய் லிங் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நிறுத்தியிருப்போம்.

கருவியை ஓடவிட்டு, எச்சரிக்கை உள்ள பக்கங்களை மட்டும் மூடி வைப்பது என்று தீர்மானித்தோம். அந்தப் பக்கங்களைக் கேட்டால் என்ன பதில் சொல்வது? உதாரணம் கிடைக்கவில்லை என்று பிரகாஷ் போட்டான். சோதித்துப் பார்த்தோம். ஏஜென்ட், கிடைக்கவில்லையா, பரவாயில்லை என்று தானாகவே எழுதித் தள்ளிவிட்டது. அதுவும் பூஜ்யம்தான் போட்டது.

சரி, வாக்கியம் எழுதுவது என் தொழில்தானே என்று நான் உட்கார்ந்தேன். இந்த உதாரணம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, நீயாக எழுதாதே, என்று எழுதினேன். ஏஜென்ட் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இருந்தாலும் உதவியாக இருக்கட்டும் என்று எழுதிவிட்டது. பிரகாஷுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு காரணத்தையும் சேர்த்தேன். இந்த இடத்தில் தவறு நேர்ந்தால் ஒரு மனிதருக்கு உயிராபத்து வரலாம், அதனால் இங்கேயே நிறுத்திவிட்டு, உன்னிடம் வேலை சொன்னவரிடம் இதைக் காட்டி அவர் முடிவைக் கேள், என்று. இந்த முறை அது நின்றது. என்ன பிரச்சினை என்பதை அழகாக எழுதி, மனிதனுக்காகக் காத்திருந்தது. மனிதர்களுக்குக் கையேடு எழுதும்போதும் இதே அனுபவம்தான். தொடாதே என்று மட்டும் எழுதினால் தொடுவார்கள். ஏன் என்று எழுதினால் கொஞ்சம் பேராவது நிற்பார்கள்.

அடுத்தது, இப்படிப்பட்ட உதாரணங்களை ஏற்கெனவே வாங்கிப் போனவர்கள். ஈமெயில் அனுப்பிவிடலாம் என்றேன். மெய் லிங் ஒத்துக்கொள்ளவில்லை. ஈமெயில் போய்ச் சேர்ந்ததா என்று பச்சை விளக்கு காட்டும், படித்தார்களா என்று காட்டாது, என்றார். முதலீட்டாளர்களிடம் இன்று வரமுடியாது என்று சொல்லிவிட்டு, அவரே போனை எடுத்தார். அன்று முழுவதும், மறுநாளும், நாங்கள் இருவரும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். எங்கள் கருவி உங்களுக்குத் தவறான உதாரணத்தைக் கொடுத்திருக்கிறது, அது எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள், என்று நேராகச் சொன்னோம். பெரும்பாலானவர்கள் நன்றி சொன்னார்கள். ஒருவர் கத்தினார். ஒரு பெரிய வாடிக்கையாளர் அந்த மாதத்தோடு நம்மை விட்டுப் போனார், திரும்பவே இல்லை. அவர் போனதில் நியாயம் இருந்தது. அந்த முதலீட்டாளர்களும் பிறகு நம்மைப் பார்க்க நேரம் ஒதுக்கவில்லை.

பிரகாஷ் இரண்டாம் நாள் என்னிடம் வந்து, "நான் போயிடுறேன் அக்கா," என்றான். நான் சமாதானம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவனுக்கு எரிச்சல்தான் வரும் என்று தெரியும். மெய் லிங்கிடமே போய்ச் சொன்னான். "நீ கட்டினதை நீதான் நல்லா சரிபண்ண முடியும். முடிச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்," என்றார் அவர். அவன் பல வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேலை நடந்தது. ஒவ்வோர் உதாரணமும் தனக்கு மேலே இருக்கும் வாக்கியத்தையும், மென்பொருளின் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே சுமந்து போகிறமாதிரி மாற்றினான். கருவி கொஞ்சம் மெதுவானது. சில வாடிக்கையாளர்கள் முனகினார்கள். நாங்கள் திரும்பக் குறைக்கவில்லை.

அஸ்மானும் தன் புரோகிராமைத் திருத்தினார். பழைய அலாரப் பெட்டியையும் திரும்ப மாட்டி, இரண்டும் சேர்ந்து ஓடட்டும் என்று விட்டார். பிறகு ஒரு நாள் கூப்பிட்டார். புது அலாரத்தைச் சோதிக்கப் போகிறோம், உங்கள் பையனையும் கூட்டிக்கொண்டு வாங்க, என்று.

பிரகாஷுக்கு விருப்பமே இல்லை. என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஃபெடரல் ஹைவேயில் கிள்ளான் வரைக்கும் அவன் போனையே பார்த்துக்கொண்டு வந்தான். நாம் செய்கிற வேலையில் யாரையும் நேரில் பார்க்கத் தேவையே வராது. ஏஜென்ட் கேட்கிறது, நாம் கொடுக்கிறோம். அந்தக் கிடங்கை அவன் அதுவரை வாடிக்கையாளர் எண்ணாக மட்டுமே அறிந்திருந்தான்.

அஸ்மான் எங்களுக்குத் தடித்த குளிர்ச் சட்டைகள் கொடுத்தார். உள்ளே போனால் மூக்கு நுனி மரத்துவிடுகிற குளிர். நேபாளிகளும் வங்காளதேசத்துக்காரர்களும் இறால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இது சோதனை என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. அஸ்மான் எங்களை வெளியே ஸ்கிரீனுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, ஆளை விட்டு ஒரு சென்சாரின் கேபிளைக் கழற்றச் சொன்னார்.

பச்சை அணைந்தது. அலாரம் அலறியது. நான் எதிர்பார்த்துக்கொண்டு நின்றும் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. பிளாஸ்டிக் திரையைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் ஓடி வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக. ஒருவர் ஒரு கை உறையைக் கழற்றிக்கொண்டே வந்தார், இன்னொருவர் தனக்குப் பின்னால் வந்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். புருவத்தில் பனி படிந்த முகங்களோடு வெயிலில் நின்று, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்கள். பிரகாஷ் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் எல்லாரும் வந்து முடிகிறவரை அவன் கண்ணை எடுக்கவில்லை.

சோதனைதான் என்று அஸ்மான் அறிவித்தார். சிலர் சிரித்தார்கள், சிலர் அலுத்துக்கொண்டார்கள். உள்ளே கேபிளைத் திரும்ப மாட்டினார்கள். ஸ்கிரீனில் மறுபடி பூஜ்யம், பச்சை.

அஸ்மான் போனில் யாரோடோ பேசப் போய்விட்டார். தொழிலாளி ஒருவர், வயதில் பிரகாஷ் அளவுதான் இருப்பார், ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன்தான் பொறுப்பான ஆள் என்று நினைத்து அவனிடம் வந்தார்.

"பாஸ், பிலா போலே மாசோக்?" எப்போது உள்ளே போகலாம் என்று கேட்டார்.

பிரகாஷ் பச்சை விளக்கைப் பார்த்தான். போலே, போகலாம் என்று சொல்ல வாய் திறந்தான். சொல்லவில்லை. "துங்கு," என்றான் மலாயில், கொஞ்சம் பொறுங்க என்று. அஸ்மானின் மேசையிலிருந்த கைக்கருவியை எடுத்துக்கொண்டு, அதை எப்படி இயக்குவது என்று ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, திரையை விலக்கி அறைக்குள் போனான். தனியாகத்தான் போனான். நாங்கள் எல்லாரும் வெளியே நின்றோம். மூலை மூலையாக அளந்துவிட்டு வெளியே வந்தான். அவன் மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருந்தது, எதிரில் நிற்கிறவர் முகம் அவனுக்குத் தெரிந்திருக்காது.

"போலே," என்றான்.